எடின்பரோ ஃப்ரிஞ்ச்: ஒரு மணி நேரத்துல ஒரு நகைச்சுவை நாடகம்

கேள்வி, ஜூலை 26, 2024

ஆகஸ்ட் கடைசியில் லண்டனில் மகள் வீட்டில் இருப்போம். ஸ்காட்லாந்தில் எடின்பரோ போய், ஆகஸ்டில் அங்கே நடக்கும் ஃப்ரிஞ்ச் கலை விழாவில் இரண்டு மூன்று புது நகைச்சுவை நாடகம் பார்க்கலாம் என்று ஆசை. பட்டியலைத் திறந்தால் மைக் பிடித்துப் பேசுகிறவர்கள்தான் பக்கம் பக்கமாக. நாடகம் என்று போட்டிருப்பதும் ஒரு மணி நேரம்தான், இடைவேளை கிடையாது. நாங்கள் சபாவில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து சிரித்தவர்கள். ஒரு மணி நேரத்தில் முடிவது நாடகமா, துணுக்குத் தோரணமா? நகைச்சுவை நாடகம் அங்கே செத்துப் போயிற்றா?

ஜூலை 27, காலை

சாகலை சார். இடம் மாறி உட்கார்ந்திருக்கு.

ஃப்ரிஞ்ச் புத்தகத்துல காமெடின்னு ஒரு பகுதி, தியேட்டர்னு ஒரு பகுதி. 2008-ல் காமெடி எண்ணிக்கையில தியேட்டரை முந்திச்சு. நீங்க திறந்தது அந்தப் பகுதியைத்தான், அதுல பெரும்பாலும் ஸ்டாண்டப். நாடகம் வேணும்னா தியேட்டர் பகுதிக்குப் போங்க. ஒவ்வொரு பேருக்குக் கீழயும் பொடி எழுத்துல வகை போட்டிருப்பாங்க. காமெடி, புது எழுத்து ரெண்டும் சேர்ந்து வந்தா பென்சிலால ஒரு வட்டம்.

எந்தப் பகுதியில வரணும்னு ட்ரூப்புதான் முடிவு பண்ணும். அதனால அண்ணன் தம்பி மாதிரி இருக்கிற ரெண்டு நாடகத்துல ஒண்ணு இங்க கிடக்கும், ஒண்ணு அங்க கிடக்கும். காமெடியில போட்டா கூட்டம் வரும், நிமிஷத்துக்கு ஒரு சிரிப்பு எங்கேன்னும் கேட்கும். தியேட்டர்ல போட்டா விமர்சகர் வருவார், சிரிக்க மாட்டார், நோட்டுல மட்டும் ஏதோ எழுதுவார்.

2019-ல் மொத்தம் 3,800 நிகழ்ச்சிக்கு மேல. அதுவும் மூணு வாரம் சொச்சத்துல. முழுசும் படிச்சுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஜூலை 27, இரவு

ஒரு மணி நேரம் ஏன்னு சொல்லணும், இல்லைன்னா உங்க கோபம் தீராது.

ஒரே அறையில காலை பத்து மணிக்கு ஆரம்பிச்சு நடுராத்திரி தாண்டி எட்டு, ஒன்பது நாடகம் ஓடும். ஆளுக்கு ஒரு மணி நேரத்தை ஒட்டி ஒரு துண்டு. போன ட்ரூப் சாமானைத் தூக்கிட்டுப் போகவும் அடுத்த ட்ரூப் கொண்டுவந்து வைக்கவும் பத்துப் பதினஞ்சு நிமிஷம்தான். நீங்க படிக்கட்டுல சுவரோரமா வரிசையில நிப்பீங்க. கதவு திறக்கும். போன நாடகம் பார்த்தவங்க வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கிட்டு இறங்குவாங்க. அவங்களுக்கு நடுவுல ஒரு பொண்ணு மடக்கு நாற்காலி, தொப்பி ஸ்டாண்டு, ஒரு பிளாஸ்டிக் வாத்து எல்லாத்தையும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு "மன்னிக்கணும், மன்னிக்கணும்"னு ஓடுவா. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி அவதான் கதாநாயகி.

இதுல ஹால் செட் எங்க போடறது? நம்ம சபா நாடகத்துக்கு நடுவுல சோபா வேணும், ரெண்டு பக்கமும் கதவு வேணும். ஒருத்தன் இந்தப் பக்கம் நுழையறப்போ இன்னொருத்தன் அந்தப் பக்கம் ஒளியணும். ஆள்மாறாட்டமே கதவை நம்பித்தான் இருக்கு. எடின்பரோவுல கதவே கிடையாது. இருக்கிற ஒரே கதவு ஜனம் உள்ள வந்த கதவு, அதுக்கு மேல பச்சை விளக்கு எரியும், அதை அணைக்கக்கூடாதுன்னு சட்டம். அப்போ ஆள்மாறாட்டம் எப்படி? ஒரே நடிகர் தோளைத் திருப்பினா வேற ஆள். நீங்க மனசுல கதவைப் போட்டுக்கணும். முதல் பத்து நிமிஷம் இதுக்குப் பழகணும், அப்பறம் கதவு இருந்தா தொந்தரவா இருக்கும்.

2013-ல் ஃபீபி வாலர்-பிரிட்ஜ் 'ஃப்ளீபேக்'கை இங்கதான் போட்டாங்க. அண்டர்பெல்லிங்கிற அரங்குல பிக் பெல்லின்னு ஒரு அறை. பாலத்துக்கு அடியில கல் வளைவு, ஈர வாடை. மேடையில ஒரு நாற்காலி, அதுல ஒரு பொண்ணு. அக்கா, அக்கா புருஷன், காதலன் எல்லாரும் அந்த நாற்காலியிலயேதான். புது நாடகங்களுக்கு ஸ்காட்ஸ்மன் பத்திரிகை 1973-லேர்ந்து கொடுக்கிற ஃப்ரிஞ்ச் ஃபர்ஸ்ட் விருது அந்த வருஷம் அதுக்கும் கிடைச்சுது. தொலைக்காட்சியில பார்த்திருப்பீங்க. அந்தப் பொண்ணு கேமராவைப் பார்த்து ஒரு பார்வை பார்ப்பாளே, அது அந்த அறையில எதிர்ல உட்கார்ந்திருந்தவங்களைப் பார்த்த பார்வைதான்.

ஜூலை 29

நண்பர் ஒருத்தர் ஃப்ரிஞ்ச் 1960-ல் பீட்டர் குக், டட்லி மூர்ங்கிற நகைச்சுவை நடிகர்கள் கோஷ்டியால ஆரம்பிச்சுதுன்னு அடிச்சுச் சொல்றார். இல்லை. குக், மூர், ஆலன் பென்னட், ஜொனாதன் மில்லர் நாலு பேரும் சேர்ந்து போட்ட 'பியாண்ட் த ஃப்ரிஞ்ச்' பெரிய விழாவோடது. எடின்பரோ சர்வதேச விழாவே கூப்பிட்டுப் போட்ட நிகழ்ச்சி. ஃப்ரிஞ்ச்ல பசங்க பண்ற கலாட்டாவுக்கு மேல நாங்க பண்றோம் பார்னு பெரிய வீடு போட்ட தலைப்பு அது.

ஆரம்பம் 1947. போர் முடிஞ்ச சூட்டோட சர்வதேச விழா துவங்கிச்சு. அழைப்பு இல்லாமலே எட்டு ட்ரூப் வந்து, கிடைச்ச கூடத்துல நாடகம் போட்டுது. ஆறு ஸ்காட்லாந்து, ரெண்டு இங்கிலாந்து. அதுல ஒண்ணு எடின்பரோவுலயே இல்லை, ஆத்துக்கு அந்தப் பக்கம் டன்ஃபெர்ம்லின் மடத்துல போட்டாங்க. மறு வருஷம் ராபர்ட் கெம்ப்னு ஒரு நாடகாசிரியர் பத்திரிகையில எழுதறப்போ விழாவோட 'ஓரத்தைச் சுத்தி' இப்படியும் நடக்குதுன்னு போட்டார். ஓரம்னா இங்கிலீஷ்ல ஃப்ரிஞ்ச், அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. சங்கம்னு ஒண்ணு வச்சதே 1958-ல்தான். அப்பவும் வச்ச விதி ஒண்ணு: யார் வரலாம் யார் வரக்கூடாதுன்னு சங்கம் சொல்லாது. இன்னிக்கும் அப்படித்தான். பணம் கட்டி, இடம் பிடிச்சா நீங்களும் ஆடலாம். அதனாலதான் மகா மட்டமான நாடகமும் பார்க்கக் கிடைக்குது. எனக்கு அதுல ஒரு குறையும் இல்லை.

ஜூலை 30

கதை வசனத்தை யாராவது முன்னாடியே வாங்கிப் பார்ப்பாங்களான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். இப்போ கிடையாது. 1968 வரைக்கும் இருந்துது. பிரிட்டன்ல எந்தப் புது நாடகமானாலும் லார்டு சேம்பர்லேன்ங்கிற அரண்மனை அதிகாரி ஆபீஸ்ல கொடுத்து உத்தரவு வாங்கணும். 1963-ல் எடின்பரோவுல ட்ராவர்ஸ் தியேட்டர் ஆரம்பிச்சப்போ 'இது சங்க உறுப்பினர்களுக்கு மட்டும்'னு போர்டு மாட்டிக்கிட்டாங்க, தனிச் சங்கத்துக்குள்ள அந்த உத்தரவு செல்லாது. முன்னாடி விலைமாதர் விடுதியா இருந்த கட்டடம் வேற.

வெள்ளைக்காரன் நமக்குக் கொடுத்துட்டுப் போன 1876 சட்டத்தோட வாரிசா தமிழ்நாட்டுல 1954-ல் ஒரு நாடகச் சட்டம் வந்து, சென்னையில போலீஸ் கமிஷனருக்குக் கதை வசனம் கொடுத்து அனுமதி வாங்கற வழக்கம் ரொம்ப நாள் ஓடிச்சு. ஞாநி போட்ட வழக்குல 2013-ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதோட முக்கியப் பிரிவுகளைச் செல்லாதுன்னு சொல்லிச்சு. கொடுத்தவன் விட்டு நாற்பத்தஞ்சு வருஷம் கழிச்சு.

ஆகஸ்ட் 4

நேத்து போயிட்டு வந்தேன். கிளாஸ்கோவுலேர்ந்து ரயில்ல ஐம்பது நிமிஷம்.

ராயல் மைல் தெருவுல நோட்டீஸ் கொடுக்கிற கூட்டம். விமர்சனம் வந்த ட்ரூப், அதுல மதிப்பெண்ணா கிடைச்ச நட்சத்திரத்தை அச்சடிச்ச சின்னக் காகிதத் துண்டை நோட்டீஸ் மேல ஸ்டேப்ளர் அடிச்சுக் கொடுப்பாங்க. முதல் வாரம் ஆனதால பாதிப் பேர்கிட்ட ஸ்டேப்ளர் மட்டும் இருந்துது.

ஒரு பையன் நோட்டீஸ் கொடுத்துட்டு, "நல்லா இருக்கும்னு சொல்ல மாட்டேன், மழைக்கு ஒதுங்கலாம்"னான். அந்த நேர்மைக்காகப் போனேன். மதுக்கடை மாடியில ஒரு அறை. பார்க்க வந்தவங்க நாலு பேர், அதுல ஒரு அம்மா லைட் போடற பையனோட அம்மா. நாடகம் ரயில் நிலையத்துல தொலைஞ்ச சாமான் ஆபீஸ். ரெண்டு குமாஸ்தா, ஒரு மேசை. தினமும் ஒருத்தர் வந்து தன்னோடது இல்லாத ஒரு குடையைக் கேட்கிறார். கொடுக்க மாட்டேங்கிறாங்க, அவரும் விட மாட்டேங்கிறார். கதை அவ்வளவுதான்.

பக்கத்து அறையில எதோ பெரிய ஆளோட நிகழ்ச்சி போல. சுவர் வழியா அங்க சிரிக்கிற சத்தம் பேரலையா வருது, இங்க நாங்க நாலு பேர் மூச்சு விடற சத்தம் கேட்குது. மூணாவது தடவை அந்தச் சிரிப்பு வந்தப்போ மூத்த குமாஸ்தா வேஷம் போட்ட பையன் வசனத்தை நிறுத்தினான். சுவரைப் பார்த்தான். கோட்டுப் பையிலேர்ந்து கடிகாரத்தை எடுத்து நேரம் பார்த்துட்டு, "மூணாம் பிளாட்பாரம். அவங்க வண்டி வந்துடுச்சு"ன்னான். திரும்ப மேசைக்கு வந்து முத்திரை குத்த ஆரம்பிச்சுட்டான். அந்த லைட் பையனோட அம்மாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சு இருமல் வந்துடுச்சு. அதுக்கப்பறம் ஒவ்வொரு தடவை சுவர்ல சத்தம் வந்தப்பவும் ரெண்டு பேரும் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்ப்பாங்க, பேச மாட்டாங்க. எழுதி வச்சிருந்த எந்த ஜோக்கும் அந்த அளவுக்கு எடுபடலை.

பேர் சொல்லலை. இன்னும் மூணு வாரம் ஆடணும், பக்கத்து அறைக்காரர் எப்போ இடம் மாறுவாரோ.

ஆகஸ்ட் 5

மேல ஜூலை 27 இரவுல எழுதினதைத் திரும்பப் படிச்சேன். ஒரு மணி நேரங்கிறது வாடகைக் கணக்குன்னு மட்டும் எழுதிட்டா பாதிதான் சொன்ன மாதிரி. அது இப்போ தனி வடிவமாவே ஆயிடுச்சு. இழுத்தா என்ன ஆகுதுன்னு பார்த்தா புரியும்.

'த ப்ளே தட் கோஸ் ராங்' கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரு கத்துக்குட்டி ட்ரூப் துப்பறியும் நாடகம் போடுது, செத்தவன் எழுந்துக்கறான், கதவு திறக்க மாட்டேங்குது, செட் சரியறது. மிஸ்சீஃப்னு ஒரு கோஷ்டி, 2008-லேர்ந்து ஃப்ரிஞ்ச்ல வசனமே இல்லாம உடனுக்குடன் நாடகம் கட்டிப் பழகினவங்க. 2012-ல் லண்டன்ல ஒரு மதுக்கடை மாடியில ஒரே அங்க நாடகமா ஆரம்பிச்சாங்க, 2013-ல் எடின்பரோ ப்ளெஸன்ஸ் அரங்குக்குக் கொண்டு வந்தாங்க, 2014-ல் ரெண்டு அங்கமாக்கி லண்டன் டச்சஸ் தியேட்டர்ல வச்சாங்க. 2015-ல் சிறந்த புது நகைச்சுவைக்கு, லண்டன் நாடகங்களுக்குக் கொடுக்கிற ஒலிவியே விருது. 2017-ல் பிராட்வே. நான் டச்சஸ்லதான் பார்த்தேன். முதல் பாதியில வயிறு வலிச்சுது. இடைவேளையில ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு வந்து உட்கார்ந்தா, இனிமே என்ன விழும்னு தெரிஞ்சுபோச்சு. அவங்களும் இன்னும் பெரிசா விழ வச்சாங்க. மாடியே சாயுது, பிரமாதமான தச்சு வேலை. ஆனா நான் தச்சனுக்குத்தான் கைதட்டினேன்.

இதுக்கு நேர் எதிர் 'சிக்ஸ்'. எட்டாம் ஹென்றியோட ஆறு பொண்டாட்டிகளும் யாருக்கு அதிகக் கஷ்டம்னு பாட்டுல சண்டை போடற கூத்து. 2017-ல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஃப்ரிஞ்சுக்குக் கொண்டு வந்தது. லண்டன் போச்சு, பிராட்வே போச்சு, இன்னிக்கும் எண்பது நிமிஷம், இடைவேளை இல்லை. இடைவேளைன்னா பார்ல வியாபாரம். அந்தப் பணத்தை வேண்டாம்னு ஒரு தயாரிப்பாளர் சொல்றார்னா காரணம் இருக்கும்.

நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பார்ட் கேஸ் வேற. 1966-ல் ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர்கள் க்ரான்ஸ்டன் தெருக் கூடத்துல அவரோட 'ரோசன்க்ரான்ட்ஸ்' நாடகத்தை முதல்முதலா போட்டாங்க, உள்ளூர்ல பெரிசா எடுபடலை. அப்சர்வர் பத்திரிகையில ரொனால்ட் பிரைடன் எழுதின விமர்சனம் ஒண்ணு, அடுத்த வருஷம் லண்டன் நேஷனல் தியேட்டர். அது பிறக்கும்போதே முழுநீள நாடகம், ஃப்ரிஞ்ச்ல வந்து இறங்கிச்சு, அவ்வளவே. இன்னிக்கு அந்த நீளத்துக்கு அறை கேட்டா ரெண்டு மூணு துண்டுக்கு வாடகை கட்டணும். இருபத்திரெண்டு வயசுப் பசங்களால முடியாது.

ஆகஸ்ட் 11

ட்ராவர்ஸ்ல 'வியர்' பார்த்தேன். நாட்டலி பலமீடிஸ், அமெரிக்கப் பொண்ணு. 2017-ல் இங்க புதுமுக நகைச்சுவை விருது வாங்கினவங்க.

1999 டிசம்பர் 31 ராத்திரி, ஒரு ஜோடி பிரியற சண்டை. அங்கேர்ந்து கதை பின்னால போய் அவங்க எப்படிச் சந்திச்சாங்கன்னு வருது. தொண்ணூறுகளோட அமெரிக்கக் காதல் சினிமாவை அப்படியே உரிச்சுப் போட்டிருக்காங்க. ரெண்டு பேரும் அவங்கதான். பாதி உடம்புக்கு ஆம்பிளை வேஷம், மறு பாதிக்குப் பொம்பிளை வேஷம், பக்கவாட்டுல நின்னு ஆடறாங்க. நம்மாளுக்கு உடனே அர்த்தநாரி ஞாபகம் வரும், எனக்கும் வந்துது, ரெண்டு நிமிஷத்துல போயிடுச்சு. ஏன்னா இந்த ரெண்டு பாதிக்கும் ஒத்தே போகலை.

சண்டை சூடாகறப்போ வேகமா திரும்பறாங்க, இந்தப் பக்கம் ஒரு வார்த்தை, அந்தப் பக்கம் ஒரு வார்த்தை. திரும்பற வேகத்துல ஒரு கட்டத்துல நேரா நம்மளைப் பார்த்து நின்னுடறாங்க. அப்போ ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தெரியறாங்க. எதிரெதிர்ல கத்திக்கிட்டு இருந்தவங்க ஒரே முகத்துல பக்கத்துல பக்கத்துல. எனக்குப் பின்னாடி சிரிச்சுக்கிட்டிருந்த ஒரு ஆள் "ஓ"ன்னு சின்னதா சத்தம் போட்டார்.

அழுக்கு, தண்ணி, நிர்வாணம் எல்லாம் உண்டு. கேள்வி கேட்ட சார் வீட்டோட வரதா இருந்தா யோசிச்சுக்குங்க. மாப்பிள்ளையோட வேண்டாம்.

ஆகஸ்ட் 12

"இது கோமாளிக் கூத்து, இதை நாடகம்னு சொல்லாதீங்க"ன்னு ஒரு கடிதம்.

கோமாளி வித்தை படிச்சவங்கதான், அதுல சந்தேகமில்லை. ஆனா ஒருத்தர் வேற ஒருத்தரா ஆகி, எதையோ விரும்பி, அது கிடைக்காமலோ கிடைச்சோ ஒரு நிலைக்கு வந்து சேர்ந்தா என் கணக்குல அது நாடகம். 'வியர்' அந்தக் கணக்குல தேறும். போன வருஷம் ஊரே பேசின ஜூலியா மாஸ்லி தேறாது. நடுராத்திரி தாண்டி ஒன்றரை மணிக்கு மங்கி பேரல் அரங்குல ஆடினாங்க. ஒரு கைக்குப் பதிலா பொம்மைக் கால், அதுல மைக். ஜனத்துக்கிட்ட நீட்டி, உங்க பிரச்சினை என்னன்னு ஒரே வார்த்தையில கேட்பாங்க, சொன்னா தீர்க்கப் பார்ப்பாங்க. அற்புதம். ஆனா அதுல கதையை நாமதான் கொண்டு போறோம்.

இந்தப் பஞ்சாயத்தை இதோட விட்டுடலாம். சங்கமே கேட்கலை, நாம ஏன் கேட்கணும்.

ஆகஸ்ட் 15

புகார் சொல்லாம எத்தனை நாள் எழுதறது. இந்த வருஷமும் அதேதான்: நாற்பதாவது நிமிஷம்.

நல்லாச் சிரிக்க வச்சுக்கிட்டு இருப்பாங்க. நாற்பது நிமிஷம் ஆனதும் லைட் நீலமாகும். நடிகர் மேடை ஓரத்துல வந்து உட்காருவார். குரல் இறங்கும். "அப்பா போனப்போ"ன்னு ஆரம்பிப்பார். இது அங்க இருக்கிறவங்களுக்கே தெரிஞ்ச கேலி, 'செத்த அப்பா நாடகம்'னு பேரே வச்சிருக்காங்க. ஸ்டாண்டப்ல ஆரம்பிச்ச வியாதி நாடகத்துக்கும் ஒட்டிக்கிச்சு. 2017-ல் ஹானா காட்ஸ்பி 'நனெட்'ல சிரிப்பை நிறுத்தறதையே விஷயமா வச்சு, அந்த வருஷ எடின்பரோ நகைச்சுவை விருதை ஜான் ராபின்ஸோட சேர்ந்து பங்கிட்டுக்கிட்டாங்க. அவங்களுக்கு நிறுத்தக் காரணம் இருந்துது. அதுக்கப்பறம் வந்தவங்க பல பேர் காரணத்தை விட்டுட்டு நிறுத்தறதை மட்டும் எடுத்துக்கிட்டாங்க.

முந்தாநாள் பார்த்த ஒண்ணு, வாடகை வீட்டுல எலி பிடிக்கிற ரெண்டு அக்கா தங்கை. முப்பத்தஞ்சு நிமிஷம் எலியைத் தவிர வேற பேச்சே இல்லை, பிரமாதம். எலிக்குப் பேர் வச்சு, அதுக்கு வாடகை ஒப்பந்தம் எழுதறாங்க, வீட்டுக்காரரை விட எலி மரியாதையா நடந்துக்குதுன்னு ஒரு காட்சி. அப்பறம் லைட் நீலமாச்சு. அம்மா. எலி என்ன ஆச்சுன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை! எனக்கு அந்த அம்மா மேல அனுதாபம்தான், ஆனா நான் எலிக்குத்தான் டிக்கெட் வாங்கினேன்.

சரியா பண்ணினா எப்படி இருக்கும்ங்கிறதுக்கு ரிச்சர்ட் காட். 2019-ல் சம்மர்ஹால்ல ரவுண்டபவுட் கூடாரத்துல அவரோட 'பேபி ரெயின்டீர்'. இந்த ஏப்ரல்ல நெட்ஃப்ளிக்ஸ்ல வந்து உலகமே பார்த்ததே, அதேதான். அதுல சிரிப்பு ஒரு பாதி சோகம் ஒரு பாதின்னு பிரிக்கவே முடியாது. முதல்ல எந்த ஜோக்குக்குச் சிரிச்சோமோ அதுதான் பின்னால கழுத்தைப் பிடிக்குது. லைட் நீலமாகத் தேவையே இல்லை.

ஆகஸ்ட் 16

நேத்து எழுதினது கொஞ்சம் கொடூரம்னு ஒரு அக்கா கண்டிச்சிருக்காங்க. இளசுங்க கைக்காசு போட்டு ஆடறாங்க, விட்டுடக்கூடாதான்னு.

கைக்காசுங்கிறது நிஜம். அறை வாடகை, தங்கற வீடு, நோட்டீஸ், பதிவுக் கட்டணம் எல்லாம் போக டிக்கெட் வசூல்ல மிஞ்சறது அபூர்வம். ஆகஸ்ட்ல இந்த ஊர் வீட்டு வாடகையைக் கேட்டா நீங்களே நீல லைட் போட்டுக்கிட்டு ஓரத்துல உட்கார்ந்துடுவீங்க. 2023-ல் சங்கமும் ஃபீபி வாலர்-பிரிட்ஜும் சேர்ந்து ஐம்பது பேருக்கு ஆளுக்கு 2,000 பவுண்டு கொடுத்தாங்க. நல்ல காரியம், வீட்டு வாடகைக்கே பத்தாது. அதனாலதான் ரெண்டு பேருக்கு மேல நடிகர் இருக்கிற புது நகைச்சுவை நாடகம் குறைஞ்சுக்கிட்டே வருது, இருந்தா அது பெரும்பாலும் கல்லூரி ட்ரூப். எட்டுப் பேர் ஒரே வீட்டுல தரையில படுத்துக்கறவங்களால மட்டும்தான் எட்டுப் பேர் நாடகம் போட முடியுது.

வேற வழி, இலவச ஃப்ரிஞ்ச். 1996-ல் பீட்டர் பக்லி ஹில் ஆரம்பிச்சு வச்சது. மதுக்கடைக்காரர் அறையைச் சும்மா கொடுப்பார், ஜனத்துக்கு டிக்கெட் கிடையாது, முடிஞ்சதும் வாசல்ல நடிகரே வாளியோட நிப்பார். ஒரு மணி நேரம் நம்மளைச் சிரிக்க வச்ச ஆள் கண்ணைப் பார்த்து எவ்வளவு போடறதுன்னு முடிவு பண்ணணும். இப்போ கார்டு தேய்க்கிற மெஷினும் வந்தாச்சு, சில்லறை இல்லைன்னு நழுவ முடியாது.

நீல லைட் விஷயத்துல அக்கா சொன்னாலும் மாத்திக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 18

நம்ம ஆளுங்க யாராவது உண்டான்னு கேட்டவருக்கு: இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பையன் ரொமேஷ் ரங்கநாதன் 2013-ல் புதுமுக விருதுக்கு இறுதிப் பட்டியல்ல வந்தவர், அதுக்கு முன்னாடி கணக்கு வாத்தியார். போன வருஷம் புதுமுக விருது மும்பைப் பொண்ணு உரூஜ் அஷ்ஃபாக்குக்கு. ரெண்டு பேரும் ஸ்டாண்டப். நாடகம்னா 2022-ல் சக்திதரனோட 'கவுன்ட்டிங் அண்ட் க்ராக்கிங்' வந்துது, கொழும்பு டு சிட்னி நாலு தலைமுறை, மேடையில தமிழ் கேட்டுது. அது ஃப்ரிஞ்ச் இல்லை, பெரிய வீட்டு விழா. சோகக் கதைதான், ஆனா அதுல கல்யாணப் பேச்சு வர்ற இடத்துல நான் சிரிச்ச மாதிரி எந்த ஒரு மணி நேர நாடகத்துலயும் சிரிச்சதில்லை. இதை என் வாதத்துக்கு எதிரா யாரும் பயன்படுத்தாதீங்க.

அந்த வருஷம் குப்பை அள்றவங்க வேலைநிறுத்தம் வேற. தொட்டி நிரம்பி, தெரு முழுக்க நோட்டீஸும் சிப்ஸ் டப்பாவும். அஞ்சு நட்சத்திரம் ஸ்டேப்ளர் அடிச்ச நோட்டீஸ் மேல நின்னு கடல்புறா ஒண்ணு மீன் தின்னுது.

ஆகஸ்ட் 20

கேள்வி கேட்ட சார் தனியா எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை வர்றாங்களாம், மாமிக்கு முழங்கால் வலி. எல்லாருக்கும் உதவும்னு இங்கயே போடறேன்.

ட்ராவர்ஸ் தரைக்குக் கீழ இருக்கு, லிஃப்ட் உண்டு, சீட் நல்ல சீட். சம்மர்ஹால் பழைய மிருக வைத்தியக் கல்லூரி. உடல் அறுத்துக் காட்டின வகுப்பறையிலயே நாடகம் நடக்கும், மரப் பெஞ்சு செங்குத்தா ஏறும். மாமிக்கு அது வேண்டாம், முற்றத்துல போட்டிருக்கிற ரவுண்டபவுட் கூடாரம் பரவாயில்லை. ப்ளெஸன்ஸ் முற்றம் கருங்கல் பாவினது, உள்ள அறைகளுக்கு ஏணிப்படி ரகம். டிக்கெட் வாங்கறப்பவே படி ஏற முடியாதுன்னு சொல்லிடுங்க, முன்னாடியே உள்ள விட்டு உட்கார வைப்பாங்க.

முன்வரிசையில உட்காராதீங்க. உட்கார்ந்தா நீங்களும் நாடகத்துல இருக்கீங்க.

ஒரு நாளைக்கு மூணுக்கு மேல வேண்டாம். ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல ஒரு மணி நேரம் விடுங்க, மேப்ல பக்கத்துல தெரியற இடம் நேர்ல ஐம்பது படிக்கு மேல இருக்கும். லேட்டா போனா உள்ள விட மாட்டாங்க, கெஞ்சினாலும் விட மாட்டாங்க. நம்ம சபா மாதிரி முதல் காட்சி போனாப் போகுதுன்னு காபி குடிச்சுட்டு வர முடியாது. சாப்பாட்டுக்கு நிக்கல்சன் சதுக்கத்துல மாஸ்க் கிச்சன், அதாவது மசூதி கிச்சன், சோறும் குழம்பும் சூடா கிடைக்கும், சைவமும் உண்டு.

தேர்வு நீங்களே பண்ணுங்க, நான் சொல்லிப் பிடிக்கலைன்னா வருஷம் முழுக்கக் கேட்பீங்க. ஒண்ணு மட்டும்: விழா 26 திங்கள் வரைக்கும்னு போட்டிருந்தாலும் நிறைய ட்ரூப் ஞாயித்துக்கிழமையே மூட்டை கட்டிடும். வெள்ளி, சனி ரெண்டு நாளும் நாடகத்துக்கு வச்சுக்கிட்டு, கோட்டையை திங்கக்கிழமை பாருங்க.